ஒரு வரி குறைந்த குறிப்பு

ஜனவரி 6, திங்கள்

கீஸர் கெட்டுப்போய்விட்டது. தில்லி ஜனவரியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அலுவலகம் போனேன்.

மேஜைமேல் தர்வேனியாக் கோப்பு இருந்தது. ஆறு வருடமாக அமைச்சகத்தின் அணு ஆயுதக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அந்த நாட்டின் பெயர் வந்தாலே கோப்பை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவேன். இந்த முறை செயலர் நிகம் தன் கையாலேயே ‘ஜெசிந்தா பார்க்கவும்’ என்று எழுதியிருந்தார்.

விஷயம் இதுதான். கேலம் என்ற மலைக்குள் அவர்கள் சுரங்கம் குடைகிறார்கள். உள்ளே யுரேனியம் செறிவூட்டும் கூடம் கட்டுகிறார்களோ என்று சந்தேகம். அது முடிந்தால் அணுகுண்டு அதிக தூரத்தில் இல்லை. நம் அரசும் இன்னும் நான்கு அரசுகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பேசிப் பேசி ஆய்வாளர்களை உள்ளே அனுப்பலாம். அவர்களுடைய ஒரே பெரிய துறைமுகமான ஓர்சக்கைக் கடலில் முற்றுகையிடலாம். குண்டு போடலாம். மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அடுத்த வாரம் மஸ்கட்டில் அவர்களோடு முதல் பேச்சு. அவர்கள் தரப்புத் தலைவர் பெயர் வெசிம் ஓர்டான்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே தில்லியில், அவர்கள் தூதரகத்தில், அவன் இரண்டாம் செயலாளனாக இருந்தான். என் கணவர் ராயன் ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஓர்சக்கில் கப்பல் நின்றபோது துறைமுகத்தைப் படம் எடுத்தார், உளவாளி என்று பிடித்தார்கள். ஐந்து மாதத்தில் பதினான்கு தடவை அந்தத் தூதரக வாசலில் நின்றேன். கடைசித் தடவை ஓர்டான் எனக்குத் தேநீர் கொடுத்து, ‘உங்கள் கணவர் நலமாக இருக்கிறார், அடுத்த வாரம் கடிதம் வரும்’ என்றான். அவர் இறந்து அன்றைக்கு மூன்றாவது நாள். உடம்பைத் தரவில்லை. அங்கேயே புதைத்துவிட்டதாக ஒரு தாள் வந்தது.

நிகம் இந்தப் பதவிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நான் அலுவலகத்தில் அப்பா பெயரைத்தான் போட்டுக்கொள்கிறேன். ராயனைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 9, வியாழன்

கீஸர்காரர் வரவில்லை. குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கினேன், அளவு தவறு.

ஜனவரி 14, செவ்வாய், மஸ்கட்

ஓர்டானுக்குத் தலை நரைத்துவிட்டது. பருத்திருக்கிறான். நல்ல கோட்டு. கை நீட்டினான், கொடுத்தேன். வெதுவெதுப்பான கை.

“தில்லியில் மூன்று வருடம் இருந்திருக்கிறேன்” என்றான் ஆங்கிலத்தில். “அருமையான மனிதர்கள். நாம் முன்னால் சந்தித்திருக்கிறோமா?”

“இல்லை” என்றேன்.

என்னை உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன், நடிக்கவில்லை. மறைத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நான்கு மணி நேரம் பேசினோம். கேலம் ஒரு பழைய உப்புச் சுரங்கம், அதைத்தான் திரும்ப ஓட்டுகிறோம் என்று ஐந்து தடவை சொன்னான். அப்படியானால் ஆய்வாளர்களை விடுங்கள் என்றேன். ‘எங்கள் இறையாண்மை’ என்று ஆரம்பித்தான். ஒருமுறை தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறி இருமினான். யாரும் எழுந்து அவன் முதுகைத் தட்டாதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சிறிய விஷயத்தில்.

ஜனவரி 20, திங்கள்

செயற்கைக்கோள் படங்களைப் படித்துச் சொல்பவர் தண்டபாணி. பொள்ளாச்சிக்காரர், நாற்பது வயதுக்குள்தான். படத்தில் இல்லாததை அவரிடமிருந்து ஒரு சொல்கூட வாங்க முடியாது. இன்று அறிக்கையோடு வந்தார்.

“காத்துப் போறதுக்குப் பெரிய குழாயா மூணு போட்டிருக்காங்க மேடம். புதுசா கரண்டு லைன் இழுத்திருக்காங்க. சுத்திலும் ரெண்டு வேலி. பார்த்தா செறிவூட்டற கூடம் மாதிரிதான் தெரியுது.”

“அப்ப சரிதானே?”

“ஆனா சூடு பத்தலைங்க. மெஷின் ஓடுனா மலை மேல சூடு தெரியணும். இல்லை. உப்புச் சுரங்கத்துக்குக் காத்து விடற வேலையாவும் இருக்கலாம்னு எழுதியிருக்கேன். கடைசி வரி.”

“இன்னும் ஓட்ட ஆரம்பிக்காமல் இருக்கலாம் இல்லையா?”

“இருக்கலாம்ங்க. அதுவும் இருக்கலாம், இதுவும் இருக்கலாம். என் நம்பிக்கை பாதிக்குப் பாதிதான். அந்த வரி மட்டும் குறிப்புல இருந்தாப் போதும்.”

“இருக்கும்” என்றேன்.

ஜனவரி 22, புதன்

அமைச்சரவைக் குழுவுக்குக் குறிப்பு எழுதி முடித்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நிகமின் கட்டளை. எழுதியபோது இரண்டு பக்கமும் ஒரு வரியும் வந்தது. எங்காவது வெட்டியாக வேண்டும். தர்வேனியா இதற்கு முன் பிற நாட்டு மாலுமிகளைப் பிடித்து வைத்த சம்பவங்கள் பற்றி ஒரு பத்தி இருந்தது. அந்த அரசின் குணத்தை அறிய அது அவசியம், அதனால் விட்டேன். தண்டபாணியின் கடைசி வரியை எடுத்துவிட்டேன். ‘இருக்கலாம்’ என்று முடியும் வரிகளால் குழுவுக்கு எந்த உதவியும் இல்லை. நீளம்தான் காரணம்.

பரிந்துரை: கடல் முற்றுகை.

கீஸர் சரியாகிவிட்டது. வெந்நீரில் வெகுநேரம் குளித்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

குழு பதினேழு நிமிடத்தில் ஒப்புக்கொண்டது. “இவ்வளவு தெளிவான குறிப்பை நான் பார்த்ததில்லை” என்று நிகம் முதுகில் தட்டாத குறையாகச் சொன்னார்.

பிப்ரவரி 3, திங்கள்

முற்றுகை தொடங்கியது. ஐந்து நாட்டுப் போர்க்கப்பல்கள். ஓர்சக்குக்குப் போன எண்ணெய்க் கப்பல் ஒன்றைத் திருப்பி அனுப்பிய படம் வந்தது. அதைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். மத்தியானம் கேண்டீனில் ஒரு குலாப் ஜாமூன் கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஓர்சக்கில் பெட்ரோலுக்கு வரிசை. பாதி நாள் மின்சாரம் இல்லை. இணையத்தில் வந்த படங்களில் வரிசையில் நிற்கிறவர்கள் போர்வை போர்த்தியிருந்தார்கள், குளிர். அந்த முகங்களில் ஜெயில் காவலர்கள் யாராவது இருப்பார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். அப்புறம் ஒரு கிழவர் முகம் வந்தது. பக்கத்தை மூடினேன்.

ஓர்டான் தொலைக்காட்சியில் பேசினான். குரல் கம்மிவிட்டது. நன்றாக இருக்கிறது. இன்னும் கம்மட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

தர்வேனியா ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்துவிட்டது. கடற்படைக்கு உளவு பார்த்தார்களாம். கப்பலில் பதினேழு பேர், எல்லோரும் நம் ஆட்கள். ஒன்பது பேர் தூத்துக்குடிப் பக்கம். என் ஊர், ராயன் ஊர்.

பிப்ரவரி 14, வெள்ளி

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“அக்கா, நான் தூத்துக்குடியில இருந்து பிரகாசி பேசுதேன். கப்பல்ல புடிச்சி வச்சிருக்காவல்லா, அதுல எங்க வீட்டுக்காரரும் இருக்காவ. செல்வின். கோயில் பாதர்தான் ஒங்க நம்பர குடுத்தாவ. நீங்க நம்ம ஊராமே, தில்லியில பெரிய வேலையில இருக்கியளாமே.”

“சொல்லும்மா.”

“அவுகளுக்குச் சக்கர இருக்குக்கா. தெனம் ரெண்டு நேரம் ஊசி போடணும். கொண்டுபோன மருந்து ரெண்டு வாரத்துக்குத்தான் வரும். அங்க ஊசி குடுப்பாவளா?”

“கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். அப்படிச் சொல்வதுதான் என் வேலை. ஆனால் அவள் நம்பிவிட்டாள். “சரிக்கா, நீங்க சொன்னாப் போதும்” என்றாள்.

மாலையில் வாஷிங் மெஷினில் போட்ட துணியைக் காயப்போட மறந்து, நாற்றம் அடித்ததால் மறுபடி துவைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நிகமிடம் கேட்டேன். முற்றுகையை விலக்கினால் பதினேழு பேரையும் விடுவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்களாம்.

“விலக்க முடியாது, ஜெசிந்தா” என்றார். “மலைக்குள் என்ன இருக்கிறது என்பதில் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால், ‘ஆய்வாளரை விடு, நாங்கள் கப்பலை எடுக்கிறோம், நீ மாலுமிகளை அனுப்பு’ என்று மூன்றையும் சேர்த்து ஒரு ஒப்பந்தம் பேசலாம். மற்ற நாலு நாடுகளும் கேட்கும். ஆனால் உங்கள் குறிப்பில் சந்தேகத்துக்கு இடமே இல்லையே. உறுதியாகக் குண்டு செய்கிறவனிடம் எதைப் பேசுவது?”

தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பல் வலி.

பிப்ரவரி 19, புதன்

தண்டபாணி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் என் குறிப்பின் நகல். எப்படியோ இன்றுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

“என் கடைசி வரி எங்கீங்க மேடம்?”

“இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது.”

“இந்த மாலுமிங்க கதை ஏழு வரி இருக்குதே. அதுல ஒண்ண எடுத்திருக்கலாமே.”

நான் வேறு ஒரு கோப்பைப் புரட்டினேன். அவர் நகலை என் மேஜைமேல் வைத்தார்.

“நான் வெளிய சொல்ல மாட்டேனுங்க. கையெழுத்து உங்களுது. ஆனா பதினேழு பேரு அங்க இருக்கறாங்க. அவங்க உசுரு என் வரியில இருந்துச்சு.” போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உப்புச் சுரங்கமாம். உப்புச் சுரங்கத்துக்கு எதற்கு இரண்டு வேலி? ராயன் வெறும் துறைமுகத்தைத்தானே படம் எடுத்தார். அவருக்கு யார் ‘இருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினார்கள்? சும்மா ஆசைக்கு எடுத்த படமாகவும் இருக்கலாம் என்று அந்த நாட்டில் ஒருவன் எழுதினானா?

பிப்ரவரி 20, வியாழன்

பிரகாசி மறுபடி கூப்பிட்டாள். காலையில் அவர்கள் தூதரகத்துக்குத் தூத்துக்குடியிலிருந்தே போன் போட்டாளாம்.

“நல்ல மனுசனா இருக்காருக்கா. தமிழ்லயே பொறுமையா பேசுனாரு. ஒங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு, மருந்தெல்லாம் குடுக்கோம், கவலப்படாதியன்னு சொன்னாரு. எனக்கு இப்பந்தாங்கா உசுரே வந்துச்சு.”

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். போன் காதில் இருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இன்று மீன் குழம்பு வைத்தாளாம், ஆறு நாளைக்கு அப்புறம் அடுப்பு பற்றவைத்தாளாம்.

நம்பாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “சாப்பிடு” என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலை ஒன்பதே காலுக்கு நிகம் அறைக்குப் போனேன். தண்டபாணியின் முழு அறிக்கையை மேஜைமேல் வைத்துக் கடைசி வரியைக் காட்டினேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“இது உங்களுக்கு எப்போது கிடைத்தது?”

“குறிப்பு எழுதுவதற்கு முன்பே.”

“தெரிந்தே எடுத்தீர்களா?”

“ஆமாம்.”

அவர் கத்தவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டு மற்ற நாலு நாட்டுத் தூதர்களையும் அன்றே சந்திக்க நேரம் கேட்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்” என்றார். வாசலில் என் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள்.

ராயனைப் பற்றிச் சொல்லவில்லை. அதை ஒரு சாக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார். அல்லது, அதுதான் காரணம் என்று புரிந்துகொள்வார். எது எனக்கு அதிகம் பயமாக இருந்தது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. திரைச்சீலை எல்லாம் கழற்றித் துவைத்தேன். பிரகாசி தினமும் கூப்பிடுகிறாள். எடுப்பதில்லை.

மார்ச் 6, வியாழன்

தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஆய்வாளர்கள் கேலம் மலைக்குள் போவார்கள், முற்றுகை படிப்படியாக விலகும், மாலுமிகள் வருவார்கள். மஸ்கட்டில் நிகமும் ஓர்டானும் கை குலுக்கினார்கள். ஓர்டான் சிரித்தான். தன் நாட்டை முற்றுகையிலிருந்து மீட்டவன் என்று அங்கே அவனைக் கொண்டாடுகிறார்களாம்.

நான் அவன் கழுத்தில் கயிறு போடத்தான் புறப்பட்டேன். மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். தட்டில் இருந்த சாதத்தைக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பதினேழு பேரும் வந்துவிட்டார்கள். பதினாறு பேர் விமானத்திலிருந்து நடந்து இறங்கினார்கள். ஒருவரை மட்டும் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். செல்வின். கடைசிப் பன்னிரண்டு நாள் அவருக்கு ஊசி மருந்து கொடுக்கவில்லை. காலில் இருந்த சின்னப் புண் அழுகிவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம்.

எந்தப் பன்னிரண்டு நாள் என்று எண்ணிப் பார்த்தேன். பதினேழாம் தேதி நிகமிடம் பேசியபோதே அந்த வரியைக் காட்டியிருந்தால் என்றும் எண்ணிப் பார்த்தேன்.

பிரகாசியிடமிருந்து குரல்செய்தி: “அக்கா, வந்துட்டாவ. உசுரோட வந்துட்டாவ. எல்லாம் ஒங்களாலதான். நீங்க நல்லா இருக்கணும்க்கா.”

மார்ச் 19, புதன்

தண்டபாணி வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். ஆய்வாளர்கள் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம்.

“மேல ரெண்டு அடுக்கும் உப்புதாங்க. வெட்டறாங்க, லாரியில ஏத்தறாங்க. மூணாவது அடுக்குல புதுசா கான்கிரீட் தளம். வரிசை வரிசையா போல்ட்டு பதிச்சிருக்காங்க, செறிவூட்டற மெஷினுக்குப் பதிக்கற மாதிரி. மேல ஒண்ணுமே இல்லை. உப்பரைக்கற மெஷினுக்குன்னு சொல்றாங்க.”

“நம்புகிறீர்களா?”

“பாதிக்குப் பாதிங்க” என்றார். “இப்பவும் அதேதான். ஆனா இனிமே கேமரா உள்ள இருக்குது. எதை வெச்சாலும் தெரிஞ்சிரும்.”

நான் நினைத்தது சரியாகவும் இருந்திருக்கலாம். அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

மார்ச் 29, சனி, தூத்துக்குடி

பிரகாசியின் வீடு திரேஸ்புரத்தில், கடலிலிருந்து மூன்றாவது தெரு. அவளுக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வின் கட்டிலில் இருந்தார், இடது காலை எடுத்துவிட்டிருந்தார்கள், கட்டு முழங்காலோடு நின்றது. கறுப்புக் காபி கொடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

முற்றுகைக்குக் காரணம் ஒரு குறிப்பு. அதை எழுதியது நான். அதில் ஒரு வரியை எடுத்தேன். அந்த வரி இருந்திருந்தால் முற்றுகையே வந்திருக்காது, கப்பலையும் பிடித்திருக்க மாட்டார்கள். அவள் முதல் தடவை போன் போட்டபோதே அது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் ஏழு நாள் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு முதலில் புரியவில்லை. “என்னக்கா சொல்லுதிய?” என்று இரண்டு தடவை கேட்டாள். செல்வினுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏன்?” என்றாள் பிரகாசி.

“என் வீட்டுக்காரரை அவர்கள்தான் கொன்றார்கள். அதற்காக.”

“அதுக்கு எங்க வீட்டுக்காரரு காலா?”

எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். “நாதாரித்தனம் பண்ணிட்டு எங்கிட்டயே சாப்பிடுன்னு சொல்லியிருக்க. ஒன்னய விட மாட்டேன். எந்தக் கோர்ட்டுன்னு தெரியாது, யாருகிட்ட போவணும்னு தெரியாது. ஆனா விட மாட்டேன்.”

அந்தக் கண்களை எனக்குத் தெரியும். பதினொரு வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தேன். யாருக்கு மனு எழுத வேண்டும், எந்தத் தேதிக் குறிப்பைக் கேட்க வேண்டும், யாரைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ‘என் கணவரின் உடல்நிலை குறித்து இந்த அதிகாரியிடம் பிப்ரவரி 14 அன்றே தெரிவித்தேன்’ என்பதை முதல் வரியாகப் போடச் சொன்னேன்.

அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். “வெளிய போ” என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

விசாரணை, தில்லி. மூன்று அதிகாரிகள். பிரகாசி தன் அண்ணனோடு வந்திருந்தாள். நீலச் சேலை. என் பக்கம் திரும்பவே இல்லை. தான் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொன்னாள், ஒருவர் மொழிபெயர்த்தார். ஓரிடத்தில்கூட அவள் தடுமாறவில்லை.

என் வக்கீல் சொல்லிக்கொடுத்தது எளிது: பக்க வரம்பு, நேர நெருக்கடி, கவனக்குறைவு. கண்டனத்தோடு முடிந்துவிடும், ஓய்வூதியம் தப்பும்.

“அந்த வரியை ஏன் நீக்கினீர்கள்?” என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

“அது உண்மையாக இருக்கலாம் என்று பட்டதால்” என்றேன். “அந்த வரி இருந்தால் அவர்கள் தப்பித்துவிடுவார்கள். தப்பிக்க விட எனக்கு மனம் இல்லை. என் கணவர் பெயர் லூர்து ராயன். அவர்கள் சிறையில் இறந்தவர். இந்தக் கோப்பை நான் தொட்டிருக்கவே கூடாது. தெரிந்தே தொட்டேன்.”

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். பணிநீக்கம்தான், வழக்கும் வரும் என்று வெளியே வந்ததும் சொன்னார்.

நடைக்கூடத்தில் பிரகாசி என்னை நோக்கி வந்தாள். அண்ணனைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

“ஒன்னய மன்னிக்க வரல” என்றாள்.

“தெரியும்.”

“ஒன் வேல போனா எனக்கு ஆறிப்போவும்னு நெனச்சேன். ஆறல.” அண்ணன் நிற்கும் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இது ஆற எத்தன வருசம் ஆவும்?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “எனக்குப் பதினொன்று முடிந்துவிட்டது” என்றேன். “இன்னும் அப்படியேதான் இருக்கிறது.”

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனாள்.